வெள்ளூரணி, பதிப்பு 100

அன்று பில்டு நாற்பத்தொரு நொடி முன்னதாக முடிந்திருந்தது.

சாருமதி அதைத் திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கவனித்தாள். கைப்பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. தினமும் காலை ஆறு பத்துக்கு பில்டு தானாகத் தொடங்கும். பதினேழு லைப்ரரிகளை, அதாவது ஆளுக்கொன்றாக எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, கழுத்துப்பட்டைக்கான மென்பொருளாக்கி வைக்கும். அதற்கு நான்கு நிமிடம் இரண்டு நொடி ஆகும். பதினொரு மாதமாக அதில் மாற்றமில்லை. இன்று மூன்று நிமிடம் இருபத்தொரு நொடி. கோப்பின் அளவும் குறைந்திருந்தது.

"நெட் எப்ப வந்துச்சு?" என்று பக்கத்து மேசையில் கேட்டாள்.

"இப்பத்தாங்க்கா. சாக்கடைக்குத் தோண்டுனவங்க விடியக்காலையில கேபிளை அறுத்துட்டாங்களாம்."

வெளி இணைப்பு இல்லாமல் பில்டு ஓடியிருக்கிறது. இணைப்பு இல்லையென்றால் அது நின்றுபோகலாம். அல்லது எப்போதும் போல முடியலாம். சிறுத்துப்போகக் கூடாது.

அவள் நேற்றைய பட்டியலையும் இன்றைய பட்டியலையும் அருகருகே வைத்தாள். பதினேழு பெயர்களும் ஒன்றே. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் எண் வேறு. வெள்ளூரணி. நேற்று 100. இன்று 3.2.

கம்பெனியில் யாரும் வெள்ளூரணிக்கு 100 என்று எண் கொடுத்ததில்லை.

அவர்கள் செய்வது பேச்சுப் பட்டை. புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் கழுத்தில் அணிவது. பேச முயலும்போது தசைகள் அசையும். பட்டை அந்த அசைவைப் படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே சொல்லும். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் அணிந்திருந்தார்கள். அதில் ஒருவன் நந்தகோபால், சாருமதியின் கணவன்.

லைப்ரரிக்கு எழுதியவரின் சொந்த ஊர்ப் பெயரை வைப்பது அங்கே வழக்கம். யார் தொடங்கியது என்று தெரியாது. சாருமதி எழுதியது தொண்டாமுத்தூர். மேலாளர் ரெஜினா எழுதியது வடக்கன்குளம். வெள்ளூரணியை எழுதியவன் இசக்கிராஜ். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவன். பெயர் வைத்த அன்று, "எங்க ஊரு மேப்புலயே கெடையாதுக்கா. இந்தப் பேரை உலகத்துல வேற எவன் வைக்கப் போறான்?" என்று சிரித்தான்.

எவனோ வைத்திருக்கிறான்.

ரெஜினா அறைக் கதவைச் சாத்தினாள். ஐம்பத்தைந்து வயது. எதற்கும் குரல் உயர்த்தாதவள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. வெளியில இருக்கிறது நம்ம பில்டுக்குள்ள எப்படி வரும்?"

"பில்டுக்கு நாம பேரை மட்டுந்தான் தர்றோம் மேடம். அது நம்ம கிடங்குல தேடும். வெளிய எல்லாரும் போட்டு வெக்கற பொதுக் கிடங்குலயும் தேடும். ரெண்டு எடத்துலயும் அதே பேர் இருந்தா, பெரிய நம்பரை எடுத்துக்கும்."

"நம்மகிட்ட 3.2."

"வெளிய 100."

"அது யாரு வெச்சதுன்னு பாக்காதா?"

"பாக்காது. பேரும் நம்பரும்தான்."

"பதினோரு மாசமா."

"ஜனவரி பத்தொம்பதுல இருந்து."

ரெஜினா கண்ணாடியைக் கழற்றினாள். "பொதுக் கிடங்குல தேடச் சொல்லி யாரு விதி எழுதினது? முன்னாடி உள்ள மட்டும்தானே தேடும்?"

"நான்தான் மேடம். ஜனவரி பத்தொம்பது. மத்தவங்க எழுதின லைப்ரரியை வாராவாரம் கையால எடுத்துப் போட வேண்டியிருந்துச்சு. சலிச்சுப் போயி ஒரு வரியை மாத்தினேன். உள்ள இல்லாட்டி மட்டும் வெளிய தேடுன்னு எழுதியிருக்கணும். ரெண்டு எடத்துலயும் தேடுன்னு எழுதிட்டேன்."

ரெஜினா கண்ணாடியை மறுபடி மாட்டினாள். "அந்த நூறு என்ன பண்ணுது?"

"இன்னும் முழுசாப் படிக்கலை. நம்ம வெள்ளூரணி என்ன பண்ணும்னா, அசைவு சரியாத் தெரியாதப்போ இந்த வார்த்தையா அந்த வார்த்தையான்னு முடிவு பண்ணும். எது கிட்டக்க இருக்கோ அதை எடுக்கும். எதுவுமே கிட்டக்க இல்லாட்டிப் பேசாம இருந்துரும். இந்த நூறு பேசாம இருக்கறதே இல்லை."

"அப்புறம்?"

"சில சமயம், அசைவு நல்லாத் தெரிஞ்சாலும் வேற வார்த்தையைப் போடுது. நூத்துக்கு ஏழு."

"எந்த மாதிரி வார்த்தை?"

"நல்ல வார்த்தை மேடம்."

ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே சாலையில் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாலாயிரம் பேர். வாயில இருந்து வேற வார்த்தை வருது. அவங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. பதினோரு மாசத்துல ஒரு புகார் வரலை," என்றாள். "வெச்சவன் எவனோ இருக்கட்டும். எனக்கு இதுதான் சந்தேகமா இருக்கு."

*

ஜனவரி பத்தொன்பது என்ற தேதியைச் சாருமதி மனதில் வைத்துக்கொண்டே மாலை வீட்டுக்கு வண்டி ஓட்டினாள். இன்னொரு தேதி பிப்ரவரி இரண்டு. இரண்டாவது முதலாவதற்கு முன்னால் வந்துவிடாதா என்று மூன்று முறை கணக்குப் போட்டாள். பதினான்கு நாள் பின்னால்தான் வந்தது.

ஏழு வருடத்துக்கு முன் அவர்கள் மகள் தாரிகாவுக்குக் காய்ச்சல். ஆறு வயது. காலையில் டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்றார். அன்று மென்பொருள் வெளியீட்டு நாள். சாருமதி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அலுவலகம் போனாள். மூன்று மணிக்கு நந்தகோபால் பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது குழந்தைக்கு நினைவில்லை. டெங்கு என்று மறுநாள் சொன்னார்கள். அதற்கு மறுநாள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த அன்று, உறவுக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நந்தகோபால் சொன்னான்: "உன்ற ஆபீஸ்தான் அவளைக் கொன்னுது."

அதை அவன் மறுபடி சொன்னதில்லை. வேறு எதுவும் சொன்னதில்லை. சாப்பாடு, தண்ணீர், கரண்ட் பில். ஆறு வருடம் அப்படிப் போனது. பிறகு அவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது, குரல்வளை போனது. நான்கு மாதம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினான். அதிலும் மாத்திரை, தண்ணீர்தான். டிசம்பரில் பட்டை வந்தது. முதல் சில வாரம் அதில் "ம்", "வேண்டாம்" என்பதற்கு மேல் அவன் பேசவில்லை.

பிப்ரவரி இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சாருமதி அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்றான்.

"அது உன்ற தப்பில்ல சாரு."

அவனுடைய பழைய குரல். அவள் திரும்பவில்லை. திரும்பினால் அது கலைந்துவிடும் என்று நினைத்தாள். சற்று நேரம் நின்றுவிட்டு அவன் போய்விட்டான்.

அன்றிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. மகளின் துணிகளை எடுத்து வெயிலில் போட்டாள். அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பத்து மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இப்போது வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பது போல இருந்தது.

"ஏஞ்சாரு, லேட்டு?" என்றது குரல். நந்தகோபால் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். முதல் முறையாக வார்த்தையைக் கேட்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"ரோடு தோண்டிப் போட்டிருக்காங்க."

"அந்த ரோட்டுல எப்பவுமே அப்படித்தான்."

சாதாரணப் பேச்சு. இதில் எந்த வார்த்தையை யார் போட்டது? நூற்றுக்கு ஏழு. அவள் எண்ணத் தொடங்கி, நிறுத்தினாள். சோற்றைப் பிசைந்தபடியே, யோசிக்காமல் சொன்னாள்:

"உங்க வேர்னியரை இன்னிக்கு உங்க தம்பிக்குக் குடுத்துட்டேன் மாமா. கேட்டாரு."

பொய். வேர்னியர் அலமாரியில்தான் இருந்தது. இரும்புத் தடிமன் அளக்கும் கருவி; அவனுடைய அப்பா வாங்கியது. பட்டறையில் வேறு யாரும் தொட்டால் கையை முறித்துவிடுவான்.

நந்தகோபாலின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு பட்டையின் விளிம்பில் எழுந்தது. மூக்கு விடைத்தது. வாய் வேகமாக அசைந்தது. ஏழு வருடத்துக்கு முன் அவள் பார்த்த அதே வாய்.

"பரவால்ல விடு. அவனுக்கு வேலை இருந்திருக்கும்," என்றது குரல், மெதுவாக.

அந்தக் குரல் முடியும்வரை அவன் காத்திருந்தான். அதைக் கேட்டான். பிறகு அவனுடைய தாடை தளர்ந்தது. தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

சாருமதி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பொய்ங்க மாமா. அலமாரியிலதான் இருக்குது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாய் அசையவில்லை.

*

செவ்வாய்க்கிழமை அவள் கோவில்பட்டிக்குப் போனாள். "போலீஸ்னு போனா பேப்பர்ல வந்துரும். நீயே போயி இசக்கியைக் கேட்டுட்டு வா. அவன்தான்னா எழுதி வாங்கிடு," என்று ரெஜினா சொல்லி அனுப்பினாள்.

இசக்கிராஜ் தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் மாடி வீட்டில் இருந்தான். இளைத்திருந்தான். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறானாம். கதவைத் திறந்ததும் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"தனியாவா வந்தியக்கா?"

"தனியாத்தான்."

"அப்பம் கண்டுபிடிச்சிட்டிய."

அவள் செருப்பைக் கழற்றவில்லை. "எதுக்கு இசக்கி? யாரு சொல்லிப் பண்ணுன?"

"யாரும் சொல்லல. உள்ள வாங்க. வெயில்ல நிக்காதிய."

உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். இசக்கியின் அப்பா சுடலைமுத்து. முப்பது வருடம் தனியார் பேருந்தில் கண்டக்டர். மடியில் ஒரு சிலேட்டு இருந்தது. அதில் சுண்ணக்கட்டித் தூசி மட்டும்தான்.

"வாங்கம்மா. தூரத்துல இருந்து வந்திருக்கிய. ஏலே, அவுகளுக்குத் தண்ணி குடு."

இசக்கி சொம்பை வைத்தான். "எங்கப்பா பேச்சு எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதுக்கா. டிக்கெட் வாங்காதவனைச் செத்துப்போன பாட்டி வரைக்கும் இழுப்பாரு. அம்மா இருந்த வரைக்கும் அவதான் வாங்கிக் கட்டிக்கிட்டா. அவ போன பொறவு இவரோட ரெண்டு நிமிசம் உக்கார ஆள் கெடையாது. அக்காமாரு வர்றதில்ல. நானும் உக்கார மாட்டேன். ஆபரேசன் முடிஞ்சு பட்டை மாட்டிவிட்டதும் மொத வார்த்தை எனக்குத்தான் விழுந்துச்சு. அதைச் சொல்ல முடியாது. அன்னைக்கே வேலையை விட்டுட்டு இதை எழுத ஒக்காந்தேன்."

"என்ன பண்ணுது அது?"

"எதிர்ல இருக்கவுக எழுந்து போகாம இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு. பட்டையில மைக் இருக்குல்லா? எந்த வார்த்தைக்குப் பொறவு ஆளு பேச்சை நிறுத்துதாங்கன்னு அது பாக்கும். அந்த வார்த்தையைக் கொறைச்சிக்கிடும். எதைச் சொன்னா ஆளு உக்காருதாங்களோ, அதைக் கூட்டிக்கிடும்."

"எங்க பேரை ஏன் வெச்ச?"

"தெரியாத பேரை பட்டை ஏத்துக்காதே. வெள்ளூரணின்னாதான் ஏத்துக்கிடும். நூறுன்னு போட்டா எந்தக் காலத்துலயும் வேற நம்பர் இதை மிஞ்சாது. அப்பா பட்டை எடுத்துக்கிடட்டும்னு பொதுக் கிடங்குல வச்சேன். கம்பெனி பில்டு உள்ள மட்டுந்தான தேடும்? நான் இருந்தப்ப அப்படித்தான இருந்துச்சு. விதியை மாத்துனது யாரு?"

சாருமதி தண்ணீரைக் குடித்தாள்.

"நான்தான்."

இசக்கி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். சிரிக்கவில்லை. "ஜனவரியில ஒரு நா, எத்தனை பேரு இதை எடுத்திருக்காவன்னு பாத்தேன். எடுக்கவேண்டியது அப்பா பட்டை ஒண்ணுதான். ரெண்டாவதா ஒருத்தர் எடுத்திருக்காவ. மறுநாளும். தினமும் காலையில ஆறு பத்துக்கு. அப்பமே வெளங்கிட்டு."

"சொல்லியிருக்கணும் நீ."

"சொல்லியிருக்கணும். புகார் வரட்டும், சொல்லிருவோம்னு காத்துக் கெடந்தேன். ஒருத்தரும் சொல்லல."

அப்போது சுடலைமுத்து தன் பக்கத்திலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். டீ ஆறியிருந்தது. முகம் கடுத்தது. உதடுகள் சுருங்கி, பல்லைக் கடித்து, மகனைப் பார்த்து இரண்டு நொடி எதையோ கொட்டினார்.

"டீ ஆறிட்டுப்பா. பரவால்ல, நீ பேசிக்கிட்டிரு," என்றது குரல்.

பெரியவர் அதைக் கேட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு.

"பாத்தியளா? நான் சூடு பண்ணிட்டு வாரேன்," என்று இசக்கி எழுந்தான். "மொத வாரம் சிலேட்டுல எழுதிக் காட்டுவாரு. 'நான் சொன்னது இது இல்ல.' நெசமா என்ன சொன்னார்ங்கிறதையும் எழுதுவாரு, எழுத்துப் பெசகு இல்லாம. ரெண்டாவது வாரம் அக்கா வந்து அரை நாள் இருந்துட்டுப் போனா. பொறவு எழுதுறதை விட்டுட்டாரு."

"அப்ப அவருக்குத் தெரியும்."

"அவரு வாயில இருந்து வர்றது அவரு காதுல விழாதாக்கா?" டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றான். "ஒங்க வீட்டுக்காரருந்தான போட்டிருக்காரு? அவருக்குக் காது கேக்கும்லா?"

சாருமதி எதையும் எழுதி வாங்காமல் கிளம்பினாள். ரயிலில் ஆறு மணி நேரம் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள்.

*

ஒவ்வொரு பட்டையும் தசை அசைவைப் பதிவு செய்து பதினான்கு மாதம் வைத்திருக்கும். பிழை திருத்தத்துக்காக. அணிபவர் சம்மதித்தால் மட்டும் அதைத் திறக்கலாம். நந்தகோபால் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தான்.

புதன்கிழமை காலை அவள் பிப்ரவரி இரண்டைத் திறந்தாள். காலை ஏழு நாற்பது. அசைவு இருந்தது. இரண்டரை நொடி நீளம். அதை எடுத்து வெள்ளூரணி 3.2 வழியாக ஓடவிட்டாள். அன்று சரியான லைப்ரரி இருந்திருந்தால் பட்டை என்ன சொல்லியிருக்கும் என்று கேட்க.

இரண்டரை நொடி மௌனம்.

ஒலியைக் கூட்டி மறுபடி ஓடவிட்டாள். அதே மௌனம். திரையில் ஒரே ஒரு வரி: அசைவு தெளிவில்லை.

அவன் எதையோ சொல்ல வந்திருக்கிறான். முழுதாக வாயைத் திறக்காமல், முணுமுணுப்பாக. பழைய லைப்ரரிக்கு அது புரியவில்லை, பேசாமல் இருந்திருக்கும். புதியதற்கும் புரியவில்லை. ஆனால் அது பேசாமல் இருப்பதில்லை. முன்னால் நின்றவள் விலகிப் போகாமல் இருக்க எது வேண்டுமோ அதைப் போட்டுவிட்டது.

அவன் சொல்ல வந்தது அதேதானா? அதற்கு நேர் எதிரா? உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க வந்தானா? பதிவில் இல்லை. எந்த லைப்ரரியிலும் இல்லை. அவனிடம்தான் இருந்தது.

ரெஜினா உள்ளே வந்தபோது அவள் திரையை மூடினாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குச் சுத்தமான பில்டு எல்லாப் பட்டைக்கும் போகுது," என்றாள் ரெஜினா. "என்ன மாறுதுன்னு கேக்கற எடத்துல 'பேட்டரி திருத்தம்'னு போடு."

"உண்மையைச் சொல்ல வேண்டாமா மேடம்?"

"யாருகிட்ட?"

"போட்டிருக்கறவங்களுக்கு."

"அவங்களுக்குத் தெரியும். தெரியாதது கூட இருக்கறவங்களுக்குத்தான். நாலாயிரம் வீட்டுக்கு லெட்டர் போடுவியா? பதினோரு மாசமா உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட நல்லாப் பேசினது அவரில்லைன்னு?"

"எனக்குத் தெரிஞ்சிருச்சே மேடம்."

ரெஜினா அவளைப் பார்த்தாள். தோளில் கை வைக்க வந்து, வைக்கவில்லை. "அறிக்கையில இசக்கி பேரு மட்டும் இருக்கட்டும். அவன் எழுதினது, அவன் வெச்சது. உன்னோட வரி வேண்டாம்."

சாருமதி மாலை அறிக்கையை எழுதினாள். விதியைத் திருத்தியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். அனுப்பினாள். பேட்டரி திருத்தம் என்பதை மாற்றும் உரிமை அவளுக்கு இல்லை.

*

அன்று மாலை நந்தகோபாலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேபிள், எண், கோவில்பட்டி. பதிவைத் திறந்ததையும் சொன்னாள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னாள். எந்தத் தேதியின் பதிவு என்றும் சொன்னாள்: பிப்ரவரி இரண்டு.

அவன் குறுக்கிடாமல் கேட்டான். கைகளில் கிரீஸ் இருந்தது. கழுவப் போகவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு உங்களுது மாறிரும். அதுக்கப்புறம் நீங்க சொல்றதுதான் வரும். அது வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கலீங்க மாமா."

"சரி," என்றது குரல்.

அந்த ஒரு சொல்லையும் அவளால் நம்ப முடியவில்லை. எழுதிக் காட்டச் சொல்லலாம் என்று தோன்றியது. காகிதம் பக்கத்திலேயே இருந்தது. வேண்டாம் என்று விட்டாள். எழுதும் கைக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

வியாழக்கிழமை அவள் அலுவலகம் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டாள். நந்தகோபால் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஏழு மணிக்கு, மாறிய பட்டைகளைக் காட்டும் எண் நகரத் தொடங்கியது. இருநூறு. தொள்ளாயிரம். இரண்டாயிரம். ஏழு பதினைந்துக்கு முதல் புகார் வந்தது, ஈரோட்டிலிருந்து. பட்டை கெட்டுவிட்டது. பிறகு திண்டுக்கல். பட்டை தப்புத் தப்பாகப் பேசுகிறது. பிறகு வரிசையாக வந்தன. எங்கள் அப்பாவுடையதைப் பழையபடி மாற்றிக் கொடுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தது. என்ன செய்தீர்கள்? ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பின்னணியில் ஒரு ஆண் கத்திக்கொண்டிருந்தான். மாற்றவே வேண்டாம், பட்டையையே கழற்றி எடுத்துவிடுங்கள் என்றாள் அந்தப் பெண்.

ஏழரைக்குள் இருநூற்று அறுபது புகார். எண் நாலாயிரத்து நூற்றுப் பதினொன்றில் நின்றது.

அவள் காத்திருந்தாள். எண் நகரவில்லை. ஒன்று மீதி. வரிசையைத் திறந்து பார்த்தாள். அணிபவர் பெயர்: நந்தகோபால். நிலை: இணைப்பில் இல்லை. கடைசியாக இணைப்பில் இருந்தது காலை ஆறு ஐம்பத்தெட்டு.

எழுந்து போய் அறையில் பட்டையைத் தேடினாள். கட்டில் மேல் இல்லை. கண்ணாடி முன்னால் இல்லை. ஹாலில் ஃப்ரிட்ஜ் மேலே, மருந்துச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் பட்டை கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். அணைத்திருந்தது. குளிக்கப் போகும்போது அவன் பட்டையை அணைப்பதில்லை.

நந்தகோபால் துண்டோடு உள்ளே வந்தான். கழுத்தில் தையல் தழும்பு வெறுமையாக இருந்தது. அவள் கையில் பட்டையைப் பார்த்து நின்றான்.

"நீங்கதான் அணைச்சீங்களா?"

தலையசைத்தான்.

"ஏழு மணிக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி அணைச்சிருக்கீங்க. மறந்து போயி இல்ல."

அவன் வந்து பட்டையை அவள் கையிலிருந்து வாங்கினான். கழுத்தில் மாட்டினான். பொத்தானை அழுத்தினான். மஞ்சள் விளக்கு எரிந்தது. புதிய பதிப்பு காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்; ஏழு மணிக்கு அணைந்திருந்த பட்டை மட்டும் இப்படிக் கேட்கும். ஒரு முறை அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். இரண்டு முறை அழுத்தினால் தள்ளிப்போடும்.

அவன் இரண்டு முறை அழுத்தினான். விளக்கு பச்சையானது.

வாயைத் திறந்தான்.

"வேண்டாம்," என்றாள் சாருமதி. அவள் கை தானாக உயர்ந்தது. "இதுல வேண்டாங்க மாமா. இதுல என்ன சொன்னாலும் நான் எழுந்து போக மாட்டேன். அதுக்குத்தான் இதை எழுதியிருக்குது."

அவன் வாயை மூடினான். விரல் பொத்தானுக்குப் போயிற்று. அதன்மேல் நின்றது. அழுத்தவில்லை.

மேசையில் கணினி மறுபடி மறுபடி ஒலித்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் விரலையும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அடுப்படியில என்ற பின்னாடி நின்னு வாயசைச்சீங்க. ரெண்டரை நொடி. என்ன சொல்ல வந்தீங்க மாமா?"